ஒட்டும் டயர் போட்ட பிறகு பிரேக் ஏமாற்றுகிறதா? கார்வெட் ஏபிஎஸ் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

செவர்லே ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளை (சி5, சி6) வைத்திருப்பவர்கள் பந்தயப் பாதையான டிராக்கில் ஓட்ட ஆரம்பித்ததும் முதலில் மாற்றுவது டயரைத்தான். ஒட்டும் டயர் போட்டால் வளைவில் வேகம் கூடும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். வளைவில் வேகம் கூடிவிடும். பிரேக் மட்டும் சில நேரம் கைவிட்டுவிடும். நேர்பாதை முடிந்து வளைவு நெருங்கும்போது மிதித்தால் பெடல் இறுகிக்கொள்கிறது, வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருக்கிறது. டயர் நல்ல டயர், பேட் புதியது, பிரேக் ஆயிலும் புதியது. பிறகு ஏன்?

இதற்கு விடை தேட, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எதை வைத்து முடிவெடுக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் வந்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. வீல் ஸ்பீடு சென்சார்கள் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்கின்றன. வண்டியின் உண்மையான வேகம் கணினிக்கு நேரடியாகத் தெரியாது. சக்கரங்களின் வேகத்திலிருந்து அதைக் கணித்துக்கொள்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் அந்தக் கணிப்பைவிட மெதுவாகச் சுற்றினாலோ, நம்ப முடியாத அளவுக்குச் சட்டென்று வேகம் இழந்தாலோ, அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று முடிவுகட்டி அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது. எது "நம்ப முடியாத அளவு" என்பது தொழிற்சாலையில் எழுதிவைத்த கணக்கு. வண்டியோடு வந்த டயரை மனத்தில் வைத்து எழுதியது. நீங்கள் வேறு டயர் போட்ட செய்தி அதற்கு யாரும் சொல்வதில்லை.

எனவே பெடலில் உணர்வது என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம். எல்லாவற்றுக்கும் டயர் காரணமில்லை. டயரின் மேல் பழி போட்டுவிட்டு உண்மையான கோளாறை விட்டுவிடுவது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: பெடல் இறுகிவிடுகிறது, வண்டி நிற்க மறுக்கிறது

டிராக் ஓட்டுநர்கள் இதை ஐஸ் மோட் என்கிறார்கள். மிதித்த நொடியில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். அடுத்த கணம் செங்கல்லை மிதிப்பதுபோல் பெடல் கெட்டியாகிவிடும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் பிரேக் கூடாது. வேகத்தைப் பதிவுசெய்யும் ஜிபிஎஸ் லாகர் வைத்திருந்தால் பிறகு பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்: வேகக் குறைவின் கோடு மேலே ஏறி, திடீரென்று விழுந்து, கீழேயே தங்கியிருக்கும்.

நடப்பது இதுதான். சாதாரண நல்ல சம்மர் டயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 1 ஜி-யை (புவியீர்ப்புக்குச் சமமான அளவை) ஒட்டிய விசையில் வேகம் குறையும். ஹூசியர் ஆர்7 போன்ற பந்தய டயரிலோ, பள்ளக்கோடுகளே இல்லாத ஸ்லிக் டயரிலோ அது 1.2, 1.3 ஜி வரை போகும். பிரேக்கைக் குத்தினாற்போல் மிதித்தால், முன்பக்கம் எடை இறங்கி டயர் முழுப் பிடி பெறுவதற்கு முன்பே பேட் கவ்விவிடுகிறது. சக்கரத்தின் வேகம் சட்டென்று விழுகிறது. அதே நேரத்தில் ரோட்டில் ஒரு மேடு வந்து சக்கரம் லேசாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். இவ்வளவு வேகமாகச் சக்கரம் நிற்கப் பார்க்கிறதென்றால் கீழே பனிக்கட்டிதான் இருக்க வேண்டும் என்று கணினி எண்ணிக்கொள்கிறது. பனியில் செய்ய வேண்டியதைச் செய்கிறது: அழுத்தத்தை இறக்கி, மெல்ல மெல்லத்தான் திரும்ப ஏற்றுகிறது. காய்ந்த ரோட்டில், மணிக்கு 200 கிலோமீட்டரில், அந்த "மெல்ல மெல்ல" மிக நீண்ட தூரம்.

அமெரிக்காவில் இதற்குப் பேர்போன இடங்கள் உண்டு. ஃபுளோரிடாவின் செப்ரிங் ஓர் உதாரணம். இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தின் கான்கிரீட் இன்னும் அந்த டிராக்கில் இருக்கிறது. 17-ஆம் வளைவுக்கு முன் பிரேக் போடும் இடம் முழுக்கக் குலுக்கல். கலிஃபோர்னியாவின் லகுனா சேகாவில் கார்க்ஸ்க்ரூ என்ற வளைவுக்கு முன் மேட்டில் ஏறி, உச்சியை நெருங்கும்போது பிரேக் போட வேண்டும். சரியாக அந்த நேரத்தில் வண்டியின் எடை குறைகிறது. உங்கள் டிராக்கிலும் இப்படிப்பட்ட ஓரிடத்தில் மட்டும்தான் சிக்கல் வருகிறதென்றால், ஐஸ் மோட் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

அந்த நொடியில் செய்ய வேண்டியது: பெடலை முழுவதும் விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள், ஆனால் குத்தாமல். வளைவு நெருங்கும்போது காலை எடுப்பதற்கு மனம் ஒத்துக்கொள்ளாது. அதனால் இதை முன்கூட்டியே, ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் பழகிவையுங்கள். ஒவ்வொரு பெரிய பிரேக் இடத்திலும் வண்டியை எங்கே ஓட விடலாம் என்று முதல் சுற்றிலேயே பார்த்துவைப்பதும் அவசியம்.

மறுபடி வராமல் இருக்க, இந்த வரிசையில் போவதைப் பரிந்துரைக்கிறேன். முதலில் கால். மிதிக்கும் வேகத்தை ஒரு துளி தளர்த்தி, எடை முன்னால் இறங்கிய பிறகு முழு அழுத்தம் கொடுங்கள். பைசா செலவில்லாமல் பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து பேட். தொட்டவுடன் கவ்வும் ரேஸ் பேட் ஏபிஎஸ்ஸைக் கலங்கடிக்கும். மிதமாகத் தொடங்கி அழுத்தம் கூடக்கூடப் பிடிக்கும் வகை நல்லது. மூன்றாவது சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பரில் ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப விரிவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) அதிகம் இறுக்கியிருந்தால், மேட்டைத் தாண்டிய சக்கரம் திரும்பத் தரைக்கு வரத் தாமதமாகும். இரண்டு மூன்று கிளிக் தளர்த்திப் பாருங்கள். இவையெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால்தான் டயரின் பிடியைக் குறைக்க வேண்டுமா என்ற கேள்வி. ஆனால் அதற்கு முன் டயரின் அளவைச் சரிபார்த்தாக வேண்டும். அடுத்த அறிகுறி அதைப் பற்றியது.

அறிகுறி: சமமான ரோட்டில், மிதமாக மிதித்தாலே ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்குகிறது

மேடு இல்லை, குத்தி மிதிக்கவும் இல்லை. ஆனாலும் பெடல் துடிக்கிறது. இப்படி இருந்தால் முன் டயர், பின் டயர் விட்டங்களின் விகிதத்தைப் பாருங்கள். என் கணிப்பில், டயர் வாங்கும்போது எல்லாரும் விசாரிக்கும் பிடியைவிட யாரும் விசாரிக்காத இந்த விகிதம்தான் முக்கியம்.

கணக்கு எளிது. டயரில் 265/40-17 என்று இருந்தால் 265 மி.மீ. அகலம், 40 பக்க விகிதம், 17 ரிம் அங்குலம். அகலத்தைப் பக்க விகிதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, இரண்டால் பெருக்குங்கள். அதோடு ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். விட்டம் மி.மீ.-இல் வந்துவிடும். சி5-இன் வேகமான வகையான இசட்06 தொழிற்சாலையிலிருந்து முன்னால் 265/40-17, பின்னால் 295/35-18 டயரோடு வந்தது. முன் விட்டம் 643.8, பின் விட்டம் 663.7. பின்பக்கம் முன்பக்கத்தைவிட 3.1 சதவீதம் பெரிது. கணினி இந்த வித்தியாசத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது டிராக்கில் பலரும் செய்யும் மாற்றம்: நான்கு பக்கமும் ஒரே அளவு, அதாவது 275/35-18. டயரை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தலாம், செலவு குறையும் என்ற நல்ல காரணத்துக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் முன்னும் பின்னும் 649.7 ஆகிவிட்டதால் விகிதம் 3 சதவீதம் விலகிவிட்டது. நேராகப் போகும்போதே, பிரேக்கைத் தொடாமலேயே, முன் சக்கரங்கள் இருக்க வேண்டியதைவிட 3 சதவீதம் மெதுவாகச் சுற்றுவதாகக் கணினிக்குத் தோன்றும். பிரேக் போடும்போது டயர் உச்சப் பிடி கொடுப்பதே சுமார் 10 சதவீதச் சறுக்கலில், அதாவது சக்கரம் வண்டியின் வேகத்தைவிட 10 சதவீதம் மெதுவாகச் சுற்றும்போது. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை மிதிப்பதற்கு முன்பே செலவழித்துவிட்டீர்கள். அதுவும் முன் சக்கரத்தில். பிரேக் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது அதுதான்.

இந்த அமைப்போடு சிக்கலே இல்லாமல் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சமமான டிராக், மென்மையான கால், நடுத்தரப் பிடியுள்ள டயர் என்றால் தெரியாமலே போகலாம். ஸ்லிக்கும் மேடும் சேரும்போதுதான் கடன் வட்டியோடு வந்து நிற்கும்.

விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டே 18 அங்குல ரிம்முக்கு மாற வழியுண்டு. முன்னால் 265/35-18 (642.7), பின்னால் அதே 295/35-18 போட்டால் பின்பக்கம் 3.3 சதவீதம் பெரிது. தொழிற்சாலை விகிதத்திலிருந்து விலகல் 0.2 சதவீதம்தான். முன்னால் 295/30-18, பின்னால் 315/30-18 என்று அகலமாகப் போனால் 1.9 சதவீதம், விலகல் 1.2. சி6 இசட்06-க்குக் கணக்கு வேறு. அங்கே 275/35-18, 325/30-19 சேர்ந்து பின்பக்கம் 4.3 சதவீதம் பெரிது. ஆகவே சி6-க்குப் பொருந்திய ஜோடியை சி5-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அளவுகோல்: தொழிற்சாலை விகிதத்திலிருந்து விலகல் 1 சதவீதத்துக்குள் நிம்மதி, 2-ஐத் தாண்டினால் சந்தேகம், 3-ஐ நெருங்கினால் வேறு ஜோடி.

இன்னொன்று. பக்கவாட்டில் அச்சிட்ட அளவு ஒன்றாக இருந்தாலும், இரண்டு கம்பெனி டயர்களின் உண்மையான விட்டம் ஒன்றாக இருக்காது. பல மி.மீ. வேறுபடும். கம்பெனி வெளியிடும் அட்டவணையில் மொத்த விட்டமும், ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண்ணும் இருக்கும். சுற்று எண்ணிக்கையை நம்புங்கள். எடை ஏறிய டயர் எப்படி உருள்கிறது என்பதை அது சொல்கிறது. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்று போடவே வேண்டாம்.

அறிகுறி: போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது மட்டும் தொல்லை

அளவு மாற்றவில்லை, பேட் மாற்றவில்லை. ஒரு ஜோடி டயர் மட்டும் புதிதாகப் போட்டீர்களா? ரப்பர் 1 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 2 மி.மீ. குறையும். பின் டயர் 4 மி.மீ. தேய்ந்திருக்க, முன்னால் புது ஜோடி போட்டால் பின் விட்டம் 8 மி.மீ. குறைந்த கணக்கு. இது 1.2 சதவீதம், அதுவும் முன் சக்கரத்தை மெதுவாகக் காட்டும் திசையில். அளவிலேயே ஏற்கெனவே 1.2 விலகியிருந்தால் இப்போது 2.4. தீர்வு நான்கையும் சேர்த்து மாற்றுவது. கையைக் கடிக்கும் என்றால், பாதி தேய்ந்த நல்ல ஜோடி ஒன்றை வைத்திருந்து இணைத்துக்கொள்ளலாம்.

முன் டயர் தேய்ந்து பின் டயர் புதிதாக இருந்தால் எதிர்த்திசை. பின் சக்கரம் மெதுவாகத் தெரியும், கணினி பின் பிரேக்கைச் சீக்கிரம் விடுவிக்கும். முன் பேட் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்வதும், முன் டிஸ்க் அதிகம் சூடாவதும் இதன் அடையாளங்கள்.

டயர் காற்றையும் சூடான நிலையில் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கணிசமாகக் குறைந்திருந்தால் உருளும் ஆரமும் கொஞ்சம் குறையும். ஆனால் இது சிறிய காரணம்தான்.

அறிகுறி: வளைவின் நடுவில் எச்சரிக்கை விளக்கு, திரையில் ஏபிஎஸ் சர்வீஸ் செய்தி

டயரை மறந்துவிடுங்கள். சி5-இல் வீல் ஸ்பீடு சென்சார், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப் பேரிங்கோடு ஒன்றாகவே வரும். ஒட்டும் டயர் வளைவில் தரும் சுமையை அந்த ஹப் நீண்ட நாள் தாங்காது. பேரிங்கில் ஆட்டம் வந்ததும் சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறி, சிக்னல் விட்டுவிட்டு வரும். ஒரு சக்கரம் திடீரென்று நின்றுவிட்டதாகக் கணினி நினைத்தால் பிரேக்கும் குழம்பும்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் ஹப் போய்விட்டது. ஆட்டம் தெரியாவிட்டால் ஒயரைப் பாருங்கள். ஸ்டியரிங் திருப்பும்போது ரிம்மில் உரசுகிறதா, கனெக்டரில் துரு இருக்கிறதா என்று. ஸ்கேனர் வைத்து, எந்தச் சக்கரம் சிக்னலை விடுகிறது என்று ஓட்டிக்கொண்டே பார்ப்பது இன்னும் நல்லது. மாற்றும்போது மலிவு ஹப்பில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். டிராக்குக்கென்றே எஸ்கேஎஃப் எக்ஸ்-டிராக்கர் ஹப் வருகிறது. விலை அதிகம், ஆனால் ஸ்லிக் போடுபவருக்கு அது தேவை.

அறிகுறி: பெடல் நீளமாக இறங்குகிறது

இது ஐஸ் மோடுக்கு நேர் எதிர், குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் மிதியில் இறங்கி, இரண்டாம் மிதியில் சரியாகிவிட்டால் பேட் பின்னால் தள்ளப்படுகிறது என்று பொருள். பெரும்பாலும் மேலே சொன்ன அதே ஹப் ஆட்டம்தான். டிஸ்க் ஆடி ஆடிப் பேட்டைத் தள்ளிவிடும். நேர்பாதையில் இடது காலால் பெடலை லேசாக ஒருமுறை தட்டிவிட்டால் பேட் திரும்ப வந்து சேரும். ஆனால் ஹப்பை மாற்றுவதுதான் மருந்து.

சுற்று ஏற ஏறப் பெடல் மென்மையாகிக்கொண்டே போனால் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155. ஒட்டும் டயர் போட்டால் பிரேக்குக்குப் போகும் சூடும் கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். டிராக்குக்கு முன் புது ஆயில், அதுவும் ரேஸிங் ஆயில். ஆயில் மாற்றியும் பெடல் பஞ்சுபோல இருந்தால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று மாட்டியிருக்கும். அதை ஸ்கேனர் மூலம் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும்.

அறிகுறி: மெதுவாகப் போகும்போதும் பெடல் கெட்டி

ஐஸ் மோட் வேகத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து போகும். பார்க்கிங்கிலும் பெடல் கெட்டியாக இருந்தால் மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் வாக்குவம் பூஸ்டரைச் சந்தேகியுங்கள். எஞ்சினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைப் போடுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் பூஸ்டர், குழாய், வால்வு மூன்றையும் பாருங்கள்.

அறிகுறி: ஏபிஎஸ் இருந்தும் டயரில் தட்டைப் புள்ளி (பூட்டிய சக்கரம் உரசித் தேய்ந்த இடம்)

ஸ்லிக்கின் பக்கச்சுவர் விறைப்பானது. அதன் உச்சப் பிடி சாலை டயரைவிடக் குறைந்த சறுக்கலிலேயே வந்து, அதைத் தாண்டினால் வேகமாக விழுகிறது. சாலை டயருக்கு எழுதிய ஏபிஎஸ் அந்த உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் விடுவிக்கத் தொடங்கும். இதற்கு டயரில் தீர்வில்லை. ஏபிஎஸ் தொடும் எல்லைக்கு முன்பே பிரேக் போடக் கற்க வேண்டும், அல்லது ஏபிஎஸ்ஸையே மாற்ற வேண்டும். முதல் சுற்றில் மட்டும் இப்படி ஆகிறதென்றால் டயர் இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான்.

ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கலாமா?

பலர் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். பின் பிரேக்கின் பங்கைக் கணினியே கட்டுப்படுத்தும் வண்டிகளில், ஃபியூஸ் போனால் அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். ஐஸ் மோடில் நேராகவாவது போவீர்கள். பணம் இருந்தால் பாஷ் மோட்டார்ஸ்போர்ட்டின் எம்5 ஏபிஎஸ் இருக்கிறது. டயருக்கும் ரோட்டுக்கும் ஏற்ப 12 நிலைகளில் திருப்பி வைக்கலாம். பல ஆயிரம் டாலர் ஆகும். பிஎம்டபிள்யூக்காரர்கள் இ90 தலைமுறை எம்3-இன் எம்கே60இ5 ஏபிஎஸ் பெட்டியைப் பழைய வண்டிகளில் மாட்டி நல்ல பலன் காண்கிறார்கள்.

சரி, எந்த டயர் வாங்குவது?

டிராக்குக்குப் புதியவர் என்றால் டிரெட்வேர் (தேய்மான எண்; குறையக் குறையப் பொதுவாகப் பிடி கூடும்) 200 வகையிலேயே இருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 போன்றவை. இவையே போதுமான பிடி தரும், ஏபிஎஸ் பெரும்பாலும் ஒத்துப்போகும். அடுத்த படி டிரெட்வேர் 100: நிட்டோ என்டி01, டோயோ ஆர்888ஆர். பழைய ஏபிஎஸ் கொண்ட சி5-க்கு இதுதான் மேல் எல்லை என்று நினைக்கிறேன். வேகத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல நடுவழி. டிரெட்வேர் 40 உள்ள ஹூசியர் ஆர்7-ஐயும் முழு ஸ்லிக்கையும் விகிதம், ஹப், பேட், ஷாக் எல்லாம் சரியான பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மழைக்கு இவை எதுவும் வேண்டாம். தொழிற்சாலை டயரையே ஒரு தனி ரிம் செட்டில் வைத்திருங்கள்.

புது செட் போட்ட அன்று முதல் சுற்றுகளில் டயரைச் சூடேற்றுங்கள். பிறகு நீளமான, சமமான பிரேக் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே பிரேக் போட்டு, சுற்றுக்குச் சுற்று அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஏபிஎஸ் எந்த அழுத்தத்தில் துடிக்கிறது, துடித்த பிறகும் வேகம் தொடர்ந்து குறைகிறதா என்று கவனியுங்கள். குறைகிறதென்றால் அதையே மேடுள்ள இடத்தில் செய்து பாருங்கள், அங்கும் முன்னதாகவே. இரண்டும் திருப்தியாக இருந்தால் மட்டும் பிரேக் போடும் புள்ளியை வளைவை நோக்கி ஒரு தூரப் பலகை அளவுக்கு நகர்த்துங்கள்.